கட்டை மாற்றிப் பாடும் கோபுரம்

என் அக்கா மகனுக்குத் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் வேலை. ஒருநாள் அவனோடு குளத்தூர்ப் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். தென்னைகளுக்கு மேலே சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் வானொலிக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: “மாமா, இதுல ஆன்டெனாவே காணோமே. டிஷ் இல்லை, குழாய் இல்லை. சும்மா கம்பி மாதிரி நிக்குது. இது எப்படி ஒலிபரப்பும்?”

நல்ல கேள்வி. இன்னொன்றையும் அவன் சேர்த்துக் கேட்டிருக்கலாம். தொலைக்காட்சிக்காரர்கள் குடப்பனக்குன்னில் இடம் பிடித்தார்கள். பெயரிலேயே குன்று இருக்கிறது. எஃப்.எம். காரர்களும் ஊரில் எது உயரம் என்றுதான் தேடுவார்கள். இந்தப் பழைய வானொலி மட்டும் ஏன் கடலோரத் தாழ்வில் உட்கார்ந்திருக்கிறது?

முதலில் அதன் வயதைச் சொல்லிவிடுகிறேன். 1943 மார்ச் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் திருவிதாங்கூர் வானொலியைத் தொடங்கிவைத்தார். குளத்தூரில் 5 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பி. அன்று நாஞ்சில் நாடும் திருவிதாங்கூருக்குள்தான் இருந்தது. ஆகவே நாகர்கோவில்காரருக்கும் அது சொந்த வானொலி. 1950 ஏப்ரல் 1 முதல் அகில இந்திய வானொலி இதை எடுத்துக்கொண்டது. திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் குடியிருந்த வழுதைக்காடு பக்தி விலாசம் பிற்பாடு நிலையமானது. ஒலிபரப்பியின் திறனும் 20 கிலோவாட் ஆயிற்று. 1161 கிலோஹெர்ட்ஸ் என்ற எண் இந்த ஊர்ப் பழைய ஆட்களுக்கு வீட்டு எண் போல மனப்பாடம்.

இனி மருமகன் கேள்விக்கு வருவோம். அந்தக் கம்பத்தில் ஆன்டெனா இல்லைதான். கம்பமே ஆன்டெனா.

1161 கிலோஹெர்ட்ஸ் என்றால் மின்னோட்டம் வினாடிக்கு 11 லட்சத்து 61 ஆயிரம் தடவை முன்னும் பின்னும் ஓடித் திரும்புகிறது என்று பொருள். ஒரு ஓட்டம் முடிவதற்குள் அலை காற்றில் சுமார் 258 மீட்டர் போய்விடும். இதுதான் அலைநீளம். ஊஞ்சலை அதன் ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினால்தான் வேகம் கூடும். கண்டபடி தள்ளினால் கைதான் வலிக்கும். கம்பியில் ஓடும் மின்னோட்டமும் அப்படியே. அலைநீளத்தில் கால் பங்கு உயரமுள்ள கம்பத்தில், அடியிலிருந்து ஏறிய மின்னோட்டம் உச்சியில் முட்டித் திரும்பி, அடுத்த தள்ளலுக்குச் சரியான நேரத்தில் கீழே வந்து சேர்கிறது. இந்த அதிர்வெண்ணுக்குக் கால் பங்கு என்பது ஏறத்தாழ 65 மீட்டர். இருபது மாடிக் கட்டடத்தின் உயரத்துக்கு ஒரு கம்பி! இதை இன்னொரு கோபுரத்தின் தலையில் தூக்கி வைக்க யாரால் முடியும்? அதனால் கோபுரத்தையே கம்பியாக்கிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட கம்பத்தின் அடியைப் போய்ப் பார்த்தால் நம்ப முடியாது. அத்தனை டன் இரும்பும் ஒரு பீங்கான் குடுவையின் மேல் நிற்கும். கம்பம் மண்ணைத் தொட்டால் மின்சாரம் பூமிக்குள் இறங்கிவிடும் அல்லவா? அதற்காகத்தான் பீங்கான். கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் கம்பிகளையும் துண்டு துண்டாக வெட்டி, நடுநடுவே முட்டை வடிவப் பீங்கான்களைக் கோர்த்திருப்பார்கள். பீங்கானுக்குப் பக்கத்தில் இரண்டு உலோகக் குண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் மதியத்துக்கு மேல் இங்கே இடி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கம்பத்தில் மின்னல் இறங்கினால் அந்த இரு குண்டுகளின் இடைவெளியைத் தாண்டி மண்ணுக்குப் போய்விடும், ஒலிபரப்பி பிழைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது உச்சி விளக்கின் கதை. விமானங்களுக்காக மேலே சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அதற்குக் கீழிருந்து கம்பி இழுத்தால் பீங்கான் வைத்ததே வீண். ஆகவே சங்கிலிக் கண்ணிகள் போல ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு பெரிய வளையங்களை வைப்பார்கள். ஒன்று தரையைச் சேர்ந்தது, மற்றது கம்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை. கீழ் வளையத்தின் காந்தப் புலம் மேல் வளையத்தில் மின்சாரத்தைத் தூண்ட, விளக்கு எரிகிறது.

சரி, தாழ்வான இடம் ஏன்? கால் பங்குக் கம்பம் தனியாக வேலை செய்யாது. அதற்கு ஒரு கண்ணாடி வேண்டும். குளத்தின் நடுவே நிற்கும் கல்தூணுக்குத் தண்ணீரில் தலைகீழ் நிழல் தெரிவதுபோல, மின்சாரம் கடத்தும் ஈரமண் அந்தக் கம்பத்துக்கு ஒரு மின்நிழலைத் தருகிறது. கம்பமும் நிழலும் சேர்ந்தே முழு ஆன்டெனா. கண்ணாடி தெளிவாக இருக்கக் கம்பத்தின் அடியிலிருந்து நாலாபுறமும், நூற்றுக்கு மேற்பட்ட செம்புக் கம்பிகளை மண்ணுக்குள் விரித்துப் புதைப்பது வழக்கம். பாறைக் குன்றின் தலையில் இதற்கு இடமேது? சதுப்பும் உப்பும் கலந்த நிலமே தோது. கிளம்பிய அலையும் நிலத்தை ஒட்டியே ஊர்ந்து போகும். அதற்குத் தரை அலை என்று பெயர். உலர்ந்த மண்ணைவிடக் கடல்நீர் ஆயிரம் மடங்குக்கு மேல் நன்றாக மின்சாரம் கடத்தும். இலங்கை வானொலியின் மத்திய அலை நம் கடற்கரை ஊர்களில் பட்டப்பகலில் பக்கத்து வீட்டுக் குரல்போல் கேட்டதற்குக் கடல்தான் காரணம்.

இப்போது அடுத்த கோபுரத்துக்கு வருவோம். எஃப்.எம்.மைத் தமிழில் பண்பலை என்கிறோம். அழகான சொல், ஆனால் கொஞ்சம் ஏமாற்றுகிற சொல். பண்பேற்றம் என்றால், சும்மா ஓடிக்கொண்டிருக்கும் ஊர்தி அலையின் மேல் பேச்சையோ பாட்டையோ ஏற்றுவது. அதை மத்திய அலையும் செய்கிறது, எஃப்.எம்.மும் செய்கிறது. அந்தக் கணக்கில் இரண்டுமே பண்பலைதான். வேறுபாடு எதை அசைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

சுவாதித் திருநாளின் ஊரில் இருந்துகொண்டு இதற்கு வேறு உவமை தேட வேண்டாம். சுருதிப்பெட்டியை ஒரே சுருதியில் வைத்துவிட்டு, அதன் சத்தத்தை மட்டும் ஏற்றி இறக்குங்கள். அதுதான் மத்திய அலையின் முறை, வீச்சுப் பண்பேற்றம். இப்போது சத்தத்தை ஒரே அளவில் நிறுத்தி, ஒரு சுவரத்தைப் பிடித்து கமகம் கொடுங்கள். குரல் அந்தச் சுவரத்துக்கு மேலும் கீழும் அசையும். அதுதான் எஃப்.எம்., அதிர்வெண் பண்பேற்றம். அனந்தபுரி எஃப்.எம். 2005 நவம்பர் 1 அன்று 101.9 மெகாஹெர்ட்ஸில் தொடங்கியது. அந்த 101.9 என்பது நடுச்சுவரம். நிகழ்ச்சி ஓடும்போது அலை 101.825-க்கும் 101.975-க்கும் இடையே ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும். எவ்வளவு தூரம் அசைகிறது என்பது ஒலியின் உரப்பு. வினாடிக்கு எத்தனை தடவை அசைகிறது என்பது ஒலியின் சுருதி.

இடி இடிக்கும்போது மத்திய அலையில் கரகரப்பும் எஃப்.எம்.மில் நிம்மதியும் ஏன் என்பது இங்கேயே விளங்கிவிடும். மின்னல் அலையின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. மத்திய அலைப் பெட்டிக்கு அந்த ஏற்ற இறக்கமே செய்தி, ஆகவே மின்னலையும் பாட்டென்று நினைத்து ஒலிக்கிறது. எஃப்.எம். பெட்டியோ அலையின் தலையையும் காலையும் முதலிலேயே ஒரே மட்டமாக வெட்டிவிட்டு, கமகத்தை மட்டும் கவனிக்கிறது. இந்த யோசனைக்கு 1933-இல் காப்புரிமை பெற்ற எட்வின் ஆம்ஸ்ட்ராங், நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் ஆல்பைன் என்ற ஊரின் மேட்டில் தன் சோதனைக் கோபுரத்தைக் கட்டினார். அது இன்றும் நிற்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்று உலக வர்த்தக மையத்தின் உச்சியிலிருந்த ஆன்டெனாக்கள் அழிந்தபோது, நியூயார்க் தொலைக்காட்சி நிலையங்கள் சில ஓடிவந்து ஒண்டிக்கொண்டது அந்தப் பழைய கோபுரத்தில்தான்.

101.9 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கால் பங்கு என்றால் முக்கால் மீட்டர்கூட இல்லை. செல்பேசியில் எஃப்.எம். கேட்க இயர்போனைச் செருகச் சொல்வது இதனால்தான். அந்த ஒயர்தான் ஆன்டெனா. ஒலிபரப்பும் ஆன்டெனாவும் இவ்வளவு சிறியதுதான். ஆகவே இங்கே கோபுரம் ஆன்டெனா இல்லை, வெறும் ஏணி.

அந்த ஏணி எதற்கு? கோவளம் பாறைகளில் அலை மோதுவதைப் பார்த்திருப்பீர்கள். கடலிலிருந்து வரும் நீண்ட அலை சின்னப் பாறையைச் சட்டையே செய்யாது. இருபுறமும் வளைந்து பின்னால் கூடிக்கொள்ளும். காற்று கிளப்பும் சிற்றலைகள் பாறையில் பட்டு நின்றுவிடும், பாறைக்குப் பின்னால் தண்ணீர் அமைதியாக இருக்கும். பாடநூல்கள் இதை விளிம்பு விளைவு என்கின்றன. 258 மீட்டர் அலைக்கு நெடுமங்காட்டு மேடுகள் சின்னப் பாறை. மூன்று மீட்டர் அலைக்கு அவை மதில். எஃப்.எம். ஏறக்குறைய கலங்கரை விளக்கத்து ஒளி போல: கண்ணுக்கு எட்டும் தொலைவு, அதற்குமேல் கொஞ்சம்.

பூமி உருண்டை என்பதால் அந்தத் தொலைவை உயரம்தான் தீர்மானிக்கிறது. நூறு மீட்டர் உயரத்திலிருந்து எஃப்.எம். அலைக்குத் தொடுவானம் சுமார் 41 கிலோமீட்டரில். தொலைவை இரட்டிக்க வேண்டுமானால் உயரத்தை நான்கு மடங்காக்க வேண்டும். மின்சாரத்தைக் கூட்டிப் பயனில்லை. தொடுவானத்துக்குக் கீழே இருப்பவனுக்கு எவ்வளவு பெரிய விளக்கும் விளக்கில்லை. கொடைக்கானல் பண்பலையின் திறன் 10 கிலோவாட்தான். ஆனால் 2,000 மீட்டருக்கு மேலிருந்து பேசுவதால் அதன் தொடுவானம் 180 கிலோமீட்டருக்கும் அப்பால் போய்விடுகிறது. அதன் 100.5 மெகாஹெர்ட்ஸைத் தென் தமிழகம் முழுக்கத் தேநீர்க்கடைகளில் கேட்கலாம் என்பதற்கு மலைதான் காரணம், மின்சாரம் இல்லை.

மலை கொடுக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். அகத்தியமலையின் மடிப்புகளுக்குள் கிடக்கும் ஊர்களுக்கு நகரத்து எஃப்.எம். நிழலாகிவிடும். அங்கே என்ன செய்வது? மலைமுகட்டில் ஒரு சின்னக் கம்பம் நட்டு, நகரத்து அலையை இந்தப் பக்கம் வாங்கி, வலுவாக்கி, அந்தப் பக்கம் அனுப்பலாம் என்று யாருக்கும் தோன்றும். அப்படியே செய்தால் ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்.

கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்தவர் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நின்றால் என்ன ஆகும்? “கீ...” என்று ஒரு அலறல். பெருக்கிய ஒலி மறுபடி மைக்குக்குள் புகுந்து, மறுபடி பெருகி, மறுபடி புகுந்து... முகட்டுக் கம்பமும் வாங்குகிற அதிர்வெண்ணிலேயே அனுப்பினால் தன் குரலைத் தானே கேட்டு அலறும். ஆகவே வாங்கியதை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றி அனுப்புகிறார்கள். 101.9-இல் வந்தது, உதாரணத்துக்கு, 96-இல் போகும். அதற்குள் என்ன பாட்டு, என்ன செய்தி என்று அந்தக் கருவி பிரித்துப் பார்ப்பதே இல்லை. ஒன்றரைக் கட்டையில் பாடிய கீர்த்தனையை இன்னொருவர் ஐந்து கட்டையில் எடுப்பதுபோல, கமகம் பிசகாமல் நடுச்சுவரத்தை மட்டும் நகர்த்திவிடுகிறது. அமெரிக்காவில் இதை டிரான்ஸ்லேட்டர் என்கிறார்கள். ஒரு சொல்லைக்கூட மொழிபெயர்க்காத கருவிக்கு அந்தப் பெயர் எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. நம் தூர்தர்ஷன் பொறியாளர்கள் தங்கள் மலைப்பகுதிக் கருவிகளுக்கு வைத்திருந்த டிரான்ஸ்போசர் என்ற பெயரே சரி. இசைக்காரர்கள் கட்டை மாற்றுவதற்கு மேல்நாட்டில் சொல்லும் சொல் அது. மின்மாற்றி இருக்கும்போது கட்டைமாற்றி இருக்கக்கூடாதா?

இதற்கு ஒரு தம்பி உண்டு. நிகழ்ச்சியைக் காற்றிலிருந்து பிடிக்காமல் செயற்கைக்கோள் வழியாகவோ கேபிள் வழியாகவோ வாங்கி ஒலிபரப்பும் சிறு நிலையம். வானொலிக்காரர்கள் இதை அஞ்சல் செய்வது என்பார்கள். 2023 ஏப்ரல் 28 அன்று ஒரே நாளில் 18 மாநிலங்களிலும் 2 ஒன்றியப் பகுதிகளிலுமாக 91 எஃப்.எம். ஒலிபரப்பிகள் தொடங்கப்பட்டன. ஒவ்வொன்றும் 100 வாட். பழைய குண்டு பல்பு ஒன்று தின்னும் மின்சாரம். அமெரிக்காவிலோ கதை தலைகீழாகிவிட்டது. மலை நிழலுக்காகப் பிறந்த டிரான்ஸ்லேட்டரை மத்திய அலை நிலையங்களும் பயன்படுத்தலாம் என்று 2009-இல் அனுமதித்தார்கள். பெரிய கம்பத்தை வைத்திருக்கும் பழைய நிலையம், 250 வாட்டுக்கு மிகாத ஒரு சின்னப் பெட்டி வழியாக எஃப்.எம்.மில் புதுக் கேட்பாளர்களைத் தேடுகிறது.

ஒரே அதிர்வெண்ணில் இரண்டு நிலையங்கள் மோதிக்கொண்டால்? திருவனந்தபுரத்தில் 93.5 ரெட் எஃப்.எம்.; திருநெல்வேலியில் அதே 93.5 சூரியன் எஃப்.எம். தம்பானூரில் பேருந்து ஏறி, காதில் 93.5-ஐ மாட்டிக்கொண்டு நெல்லைக்குப் போயிருக்கிறேன். ஆரல்வாய்மொழி தாண்டும் வரை ஒரே இரைச்சல். பிறகு ஒரு வளைவில் சட்டென்று தமிழ். அடுத்த வளைவில் மறுபடி மலையாளம். ஆனால் இரண்டும் கலந்து ஒலித்த நேரம் மிகக் குறைவு. மத்திய அலையில் இப்படி நடக்காது. அங்கே இரண்டு நிலையங்கள் சேர்ந்தால் சந்தைக்கடைதான்.

காரணத்தைக் கோயில் பிராகாரத்தில் வைத்துச் சொல்லலாம். ஒரு அப்பா கோயிலைச் சுற்றி வருகிறார். அவர் விரலைப் பிடித்த குழந்தை அவரையே சுற்றிச் சுற்றி ஓடி வருகிறது. குழந்தை கோயிலை எத்தனை பிரதட்சிணம் வந்தது? அப்பாவைச் சுற்றி எத்தனை சுற்று ஓடியிருந்தாலும் சரி, அப்பா எத்தனையோ அத்தனையே. குழந்தை போட்ட சுற்றுகள் பாதையைக் கொஞ்சம் நெளிய வைக்கும், அவ்வளவுதான். வலுத்த அலைதான் அப்பா. அப்பாவுக்கும் கோயிலுக்கும் உள்ள தூரம் அதன் வலிமை. மெலிந்த அலை குழந்தை. எஃப்.எம். பெட்டி எண்ணுவது சுற்றுகளின் எண்ணிக்கையை மட்டுமே, ஆகவே வலுத்தவர் எண்ணிக்கையே அதற்குக் கேட்கிறது. குழந்தையின் வட்டம் அப்பாவின் தூரத்தை எட்டும்போதுதான் குழப்பம். யார் யாரைச் சுற்றுகிறார்கள் என்றே தெரியாத அந்தக் கணம்தான் மலையாளம் தமிழாகிற வளைவு.

அந்திக்குப் பிறகு குளத்தூர்க் கம்பம் வேறு ஆளாகிவிடும். பகலில் தரையை ஒட்டி மட்டும் போன அலை, இரவில் வானத்துக்கும் போய்த் திரும்பி வரும். மேலே அயனி மண்டலம் இருக்கிறது. சூரிய ஒளி அணுக்களை உடைத்து மின்னூட்டம் ஏற்றிய காற்று. அதன் அடிப்படலம் பகலில் மத்திய அலையை விழுங்கிவிடும். சூரியன் மறைந்ததும் அந்தப் படலம் கரைய, மேலே உள்ள படலம் கண்ணாடியாகிறது. நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பவருக்குத் தரை அலையும் வான் அலையும் சேர்ந்து வரும். இரண்டும் கைகோத்தால் குரல் உயரும், எதிர்த்துக்கொண்டால் மங்கும். இரவு வானொலி மூச்சு வாங்குவதுபோல் கேட்பது இதனால்.

மேலே அப்படியொரு கண்ணாடி இருப்பதை எப்படிக் கண்டார்கள்? 1924 டிசம்பரில் எட்வர்ட் ஆப்பிள்டனும் மைல்ஸ் பார்னெட்டும் செய்த சோதனையைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும், அவ்வளவு எளிமை. நள்ளிரவில் நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு போர்ன்மத் பி.பி.சி. நிலையத்தை இரவல் கேட்டார்கள். அதிர்வெண்ணை மெல்ல நகர்த்தச் சொல்லிவிட்டு, ஆக்ஸ்போர்டில் உட்கார்ந்து கேட்டார்கள். நேரே வந்த அலையும் மேலே போய் வந்த அலையும் ஒரு தடவை ஒத்துப்போகும், அடுத்து முரண்படும். குரல் எத்தனை தடவை ஏறி இறங்கியது என்று எண்ணினால் இரண்டு பாதைகளுக்கும் உள்ள வித்தியாசம் கிடைக்கும். அதிலிருந்து கண்ணாடியின் உயரம்: ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஆப்பிள்டனுக்கு 1947-இல் நோபல் பரிசு.

அந்த உயரத்துக்கே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று வந்தவர்கள் இறங்கிய இடம் குளத்தூரிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அதன் அருகே செல்வதால், அயனி மண்டலத்தின் அந்த உயரத்தில் அங்கே பகலில் ஒரு மின்னாறே ஓடுகிறது. 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. பின்னால் போன ராக்கெட்டுகள் எலெக்ட்ரான்களை நேரிலேயே எண்ணின.

இதையெல்லாம் சொன்னபோது மருமகன் பாதி நம்பினான். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து பழைய டிரான்சிஸ்டரை எடுத்துக் கொடுத்து 1161-இல் வைக்கச் சொன்னேன். பெட்டிக்குள் கிடைமட்டமாக ஒரு கருப்பு ஃபெர்ரைட் குச்சி கிடக்கும், அதில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அதுதான் மத்திய அலைக்கு ஆன்டெனா. மேலே இழுக்கும் குழாய்க்கு இதில் வேலையில்லை. குச்சியின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்தால் குரல் நிமிரும், முனை பார்த்தால் விழும். பெட்டியை மேசையில் வைத்து மெல்லத் திருப்பினான். செய்தி வாசித்துக்கொண்டிருந்த குரல் தேய்ந்து தேய்ந்து ஓரிடத்தில் ஏறக்குறைய மறைந்தது. நிறுத்திவிட்டு, பெட்டியின் முனை காட்டிய திசையில் ஜன்னல் வழியாகக் கை நீட்டினான். “அப்போ குளத்தூர் அந்தப் பக்கமா, இல்ல நேர் எதிர்ப் பக்கமா, மாமா?”

அதைக் குச்சி சொல்லாது. எதிர்ப் பக்கம் கிழக்கு மலைகள்தான் என்றேன்.